எட்டாம் மைல் கல்லை நகர்த்தியவர்கள்

அக்டோபர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, ரோக்காஸ்பீனா ஊர்மன்ற அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும்: மேசையின் தலைமாட்டில் ஊர்த்தலைவர் பர்தோ. அவருக்கு வலப்பக்கம், விறகடுப்பின் சூடு முதுகில் படும்படியாக, ஊர்த் தேவாலயத்தின் பங்குச்சாமி சவீனோ. இடப்பக்கம் ஜன்னலோரம் திராட்சைத் தோட்டக்காரர் அகாப்பீத்தோ. அங்கிருந்து பார்த்தால் அவருடைய தோட்டம் தெரியும், அதனால் எந்தக் கூட்டத்திலும் அவர் வேறு இடத்தில் உட்கார்ந்ததில்லை. கதவருகே, விறகுப் பெட்டியின் மேல், டிராக்டர் வைத்திருக்கும் நிக்காந்த்ரோ. மன்றத்து நாற்காலிகளில் அவரைத் தாங்கக்கூடியது ஒன்றும் மிச்சமில்லை. மேசையின் கால்மாட்டில், தலைவருக்கு நேர் எதிரே, மேலங்கியைக் கழற்றாமல் லிபெராத்தா. சுவரை ஒட்டி நின்றவர்கள் முப்பத்தொரு பேர். மூலையில், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால், மன்றத்தின் எழுத்தராகிய நான்.

செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். தலைநகரத்துத் தொல்பொருள் அலுவலகத்துக்கு ஒரு ஆட்சேபக் கடிதம். முப்பது நாள் கெடுவில் அன்று முப்பதாம் நாள். தபால் வண்டி ஐந்து மணிக்கு.

கடிதம் போகாவிட்டால் லிபெராத்தாவின் மாட்டுக் கொட்டகை போய்விடும். நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் திருநாளன்று, பதினொரு மாடுகளும் வெளியேற வேண்டும். மறுநாள் சுவரை இடித்துத் தோண்டத் தொடங்குவார்கள். பெல்ஜியத்தில் பதினாறு வருடம் ஓட்டல் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, நிலம் வாங்கி, சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய கொட்டகை அது. அதை இடித்தால் குளிர்காலத்துக்கு முன்னால் மாடுகளை விற்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இடிப்பதற்குக் காரணம், அதன் அடியில் ஒரு ரோமானிய நகரம் இருப்பதாக அலுவலகம் கண்டுபிடித்திருந்ததுதான்.

நகரம் எப்படி வந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மைல்கல் உண்டு. இடுப்பளவு உயரம், உருளை வடிவம், பன்னிரண்டு குவிண்டால் எடை. மேலே பாதி அழிந்துபோன ஒரு பேரரசரின் பெயர், கீழே எட்டு என்ற எண், இடது தோளில் ஒரு உடைசல். நிலத்தில் இப்படி எழுத்துள்ள கல் கிடைத்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவித்தால் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, நான்கு பக்கமும் மரவேலி அடித்து, உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது, மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ரொட்டிக் கடைக்காரரின் பாட்டனார் நிலவறை தோண்டும்போது அடித்த வேலி இன்றைக்கும் இருக்கிறது. அவர்கள் மறுபடி வரவில்லை.

ஆகவே எங்கள் ஊரில் அறிவிக்கும் வழக்கமில்லை. எழுத்துள்ள கல்லை உடைப்பதும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில், பக்கத்து நிலத்துக்காரர் கோயிலில் இருக்கும்போது, கல்லை அவருடைய வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், சாயாமல், எழுத்து பாதையைப் பார்க்கும்படி நிறுத்திவிட வேண்டும். அதே பகலில் அவருடைய வீட்டு வாசலில் ஒரு குப்பி ஒயின் வைக்க வேண்டும். பூசை முடிந்து வருபவர் குப்பியைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் நிலத்துக்குப் போய்ப் பார்ப்பார், அடுத்த அறுப்புக்குள் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரமாட்டார். இதை யாரும் யாரிடமும் பேசியதில்லை. கல் முப்பத்தைந்து வருடமாக ஊரைச் சுற்றி வந்தது.

சிக்கல் புகைப்படங்களால் வந்தது. இறந்துபோன பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஆல்பம் தலைநகர நூலகத்துக்குப் போயிருக்கிறது. அதில் நான்கு படங்களில் கல் பதிந்திருந்தது. ஒன்றில் கோயிலுக்குப் பின்னால், ஒன்றில் மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியருகே ஒரு கல்யாணக் கூட்டத்துடன், ஒன்றில் அகாப்பீத்தோவின் தோட்டத்தில், ஒன்றில் இப்போது லிபெராத்தா வாங்கியிருக்கும் நிலத்தில். அலுவலகத்து ஆய்வாளர் டாக்டர் விந்தாரி அவற்றை நான்கு கற்கள் என்று எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வந்தது: நான்கு கற்களையும் நேரில் பார்வையிட வருகிறேன், எந்தக் கல்லாவது காணாமல் போயிருந்தால் அந்த நிலத்துக்காரர் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான்கு கற்களையும் காட்டினோம்.

காலை பத்து மணிக்குக் கோயிலுக்குப் பின்னால் முதல் கல்லைப் பார்த்தார், அளந்தார். பிறகு சாமியின் வீட்டில் பருப்புக் கஞ்சியும் பன்றித் தொடைக்கறியும். அதற்குள் நிக்காந்த்ரோ பின்பாதை வழியாகக் கல்லைத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார். தொட்டியருகே பார்த்ததும் தலைவர் வீட்டில் மாவுச் சுருளும் குழம்பும். மூன்றாவது கல்லைப் பார்த்து முடித்ததும் டிராக்டர் சக்கரம் பஞ்சராகிவிட்டது. அகாப்பீத்தோ வீட்டில் ஆட்டிறைச்சி வறுவலை மூன்று முறை பரிமாற வேண்டியிருந்தது, இடையில் சாமி எங்கள் ஊர்ப் புனிதரின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சொன்னார். நான்காவது கல்லை டாக்டர் விந்தாரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அளந்தார். நாங்கள் நாற்காலியோடு அவரைக் கல்லைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். லிபெராத்தா தீயில் வாட்டிய பாலாடைக்கட்டி கொடுத்தார். பிறகு அவரைக் காரில் ஏற்றி அனுப்பினோம். கல் அங்கேயே நின்றுவிட்டது.

செப்டம்பர் கடைசியில் அவருடைய அறிக்கை வந்தது. நான்கு கற்களும் எட்டாம் மைலையே குறிப்பதால், நான்கு சாலைகள் இங்கே சந்தித்திருக்கின்றன; ஆகவே இங்கே ஒரு பெரிய நகரம் இருந்திருக்க வேண்டும். நான்கிலும் இடது தோள் ஒரே மாதிரி உடைந்திருப்பது படைவீரர்களின் ஏதோ ஒரு சடங்கு. நான்கின் அடியிலும் ஈரமண் ஒட்டியிருப்பது நிலத்தடி நீர் வளத்தைக் காட்டுகிறது. நான்கு புள்ளிகளையும் கோடு போட்டு இணைத்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நகரத்தின் இதயம். அந்த இடத்தில் தற்போது ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது.

இவ்வளவுதான் முன்கதை. இனி கூட்டம்.

“அக்கா, மேலங்கியைக் கழட்டிட்டு உக்காருங்க. அடுப்பு எரியுதுல்ல” என்றார் தலைவர்.

“கடுதாசி போகட்டும். அப்புறம் கழட்டறேன்” என்றார் லிபெராத்தா.

“உண்மைய எழுதறதுன்னா எல்லாரும் மாட்டிக்குவோம்” என்றார் தலைவர். “ அதனால உண்மையும் இல்லாம பொய்யும் இல்லாம எழுதணும். எழுத்தரே, போடுங்க. கனம் பொருந்திய ஐயா, எங்கள் ஊரில் நகரம் இருப்பதில் எங்களுக்குப் பெருமையே. ஆயினும், அந்த நகரத்தைச் சற்றே வடக்குப் பக்கமாக நகர்த்தித் தருமாறு…”

“வடக்கா?” அகாப்பீத்தோ ஜன்னலைக் காட்டினார். “வடக்கே யாரு இருக்கா? அந்தா தெரியுதே, அது என் தோட்டம்யா!”

“கொஞ்சம்தான் மாமா. ஒரு நாப்பது அடி.”

“நாப்பது அடியில எனக்கு மூணு வரிசைக் கொடி போயிடும். கிழக்கே தள்ளு. அங்க வெறும் களம்தானே.”

கிழக்கே இருப்பது நிக்காந்த்ரோவின் களம். விறகுப் பெட்டி முனகியது. “என் வைக்கோலை எங்க கொண்டுபோய் வைக்கிறது? உங்க வீட்டுக் கட்டில்லயா? மேக்கால தள்ளச் சொல்லுங்க. கோயில் தோட்டம் சும்மாதானே கெடக்கு.”

“சும்மா கெடக்குதா?” என்றார் சாமி. “முட்டைக்கோசு போட்டிருக்கேன்டா. கோயில் பக்கம் வந்தா உன் கண்ணுல பட்டிருக்கும்.”

“அப்ப தெக்கு. தெக்கே பள்ளம்தானே? பள்ளத்துக்கு அந்தாண்ட அடுத்த ஊரு” என்றார் தலைவர்.

அறையில் ஒரு நிம்மதி பரவியது. அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் தெற்கு என்று தட்டிவிட்டேன். அப்போது சுவரோரத்திலிருந்து யாரோ கேட்டார்: “அப்ப நகரம் அவனுங்களுக்கா? டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் அங்க போய் நிக்குமா?”

“அவனுங்களுக்கு எதுக்குய்யா நகரம்? இருக்கற கொழுப்பு போதாதா?” என்றார் அகாப்பீத்தோ.

தெற்கும் கிழிக்கப்பட்டது. மணி மூன்றரை. நான்கு திசைக்கும் ஒன்றாக நான்கு வரைவுகள் குப்பைக் கூடையில் கிடந்தன.

“ஒயின் ஒரு பீப்பாயா அனுப்பிட்டா அவரு புரிஞ்சுக்க மாட்டாரா?” என்று நிக்காந்த்ரோ கேட்டார்.

“முடிஞ்சுதா?” லிபெராத்தா எழுந்து நின்றார். “எழுத்தரே, புதுத் தாள் போடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. ரோக்காஸ்பீனாவில் இருப்பது ஒரே ஒரு கல். முப்பத்தஞ்சு வருஷமா அதை எடத்துக்கு எடம் நகத்தினது நான். லிபெராத்தா. ஒருத்தியே. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல.”

தட்டச்சின் மணி ஒலித்தது. வரி முடிந்திருந்தது.

தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “அக்கா… இது ரொம்பப் பெரிய மனசு. ஆனா கேஸ் போட்டாங்கன்னா?”

“போடட்டும். கொட்டகை நிக்கும்ல? நான் உள்ள இருக்கற வரைக்கும் காலையில சாயங்காலம் முறை வச்சுக் கறந்துடுங்க. செவலைக்கு மட்டும் காம்பு வலிக்கும், பாத்து.”

“அதெல்லாம் கறந்துடலாம், அதெல்லாம் கறந்துடலாம்” என்று சுவரோரத்தில் பல குரல்கள் கேட்டன. எதிர்ப்பு ஏதுமில்லை என்று நான் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். எனக்கும் உள்ளூர ஆறுதலாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டாம் வருடம் பள்ளி முற்றத்திலிருந்து கல்லை நகர்த்தியதில் எனக்கும் பங்கு உண்டு.

நிக்காந்த்ரோ மட்டும் விறகுப் பெட்டியில் அசைந்து அசைந்து உட்கார்ந்தார். அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன், எனக்குக் கும்பாதிரி. அவர் முகம் சிவப்பதை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன்.

“ஒருத்தியேவா?” என்றார்.

“ஆமா.”

“எதுல தூக்கின?”

“கையில.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “பன்னெண்டு குவிண்டால்” என்றார் நிக்காந்த்ரோ. “கையில.”

“தூக்கல. உருட்டினேன்.”

“தொட்டியிலேர்ந்து அகாப்பீத்தோ தோட்டம் வரைக்குமா? அந்த மேட்டுல?”

“என்ன பெரிய மேடு?”

நிக்காந்த்ரோ எழுந்துவிட்டார். “என்ன பெரிய மேடா! என் டிராக்டர் ரெண்டு தடவை பின்னால சரிஞ்சுதுடி! சங்கிலி அறுந்து போச்சு! புதுச் சங்கிலி போட்டு, சக்கரத்துக்குக் கல்லு கொடுத்து, அங்குலம் அங்குலமா ஏத்தினேன்! நீ அப்ப பெல்ஜியத்துல தட்டு கழுவிட்டு இருந்த!”

“லீவுல வந்தேன். வந்து உருட்டிட்டுப் போனேன். உன் டிராக்டர் பள்ளத்துலயே இருமும், அது மேடு ஏறுச்சாம்.”

“கும்பாதிரி! எழுதுங்க! அறுபதாம் வருஷம், மார்ச் மாசம், நிக்காந்த்ரோ, தன் சொந்த டிராக்டரில்!”

“யோசிச்சுச் சொல்லுங்க கும்பாதிரி. தட்டினா அழிக்க முடியாது” என்றேன்.

“தட்டுங்க!”

தட்டினேன்.

“டிராக்டர வச்சுக்கிட்டு யாரு வேணா நகத்தலாம்” என்றார் அகாப்பீத்தோ ஜன்னலைப் பார்த்தபடி. “எங்கப்பா ரெண்டு காளைய வச்சு நகத்தினாரு. முழங்கால் வரைக்கும் பனி. பூசை முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சுது.”

“பொய்” என்றார் லிபெராத்தா. “அதுவும் நான்தான்.”

“நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருந்த!”

“ஐம்பதாம் வருஷத் தவக்காலம், ரெண்டாவது ஞாயிறு” என்றார் சாமி. “இவரும் இவரு அப்பாவும் பூசைக்கு வரல.”

அகாப்பீத்தோ திரும்பினார். “சாமி! பாவசங்கீர்த்தனத்துல சொன்னதை நீங்க வெளியில…”

“நீ சொன்னதை நான் சொல்லல. காலி பெஞ்சைச் சொல்றேன். அது எல்லாருக்கும்தான் தெரிஞ்சுது.” சாமி என் பக்கம் திரும்பினார். “கோயில் தோட்டத்துலேர்ந்து கல்லு எப்படிப் போச்சுன்னும் எழுதுங்க. அது வேற யாரு வேலையும் இல்ல. பூசை நேரத்துல எனக்குத்தான் முடியாதே, அதனால புதன்கிழமை. கோயில் மணிக் கயிறு, ரெண்டு சப்பரத்துக் கழி. சப்பரம் தூக்கற ஆளுங்க எட்டுப் பேர். அது புனிதர் சிலைன்னு நெனச்சுத்தான் தூக்கினாங்க, மேல துணி போத்தியிருந்தேன்.”

“அது கல்லா!” என்று சுவரோரத்தில் ஒருவர் கத்தினார். “அதான் மூணு நாள் தோள்பட்டை எறங்கலையா! எழுத்தரே, அந்த எட்டுப் பேர்ல நானு. ரெண்டாவது கழி, எடது பக்கம்.”

அதற்குப் பிறகு என்னால் வரிசைப்படி எழுத முடியவில்லை. எல்லோரும் மேசையை நெருக்கி நின்றுகொண்டு பேசினார்கள். ஒருவர் கல்லைப் பனியில் சறுக்குப் பலகையில் இழுத்தார். ஒருவர் கழுதையை வைத்து இழுத்தார். கழுதை இடையில் படுத்துக்கொண்டதையும் சேர்க்கச் சொன்னார். கல்லின் இடது தோளை உடைத்தது தன் மாமனார்தான் என்று ஒருத்தி சொல்ல, இல்லை தன் அண்ணன் என்று இன்னொருத்தி சொன்னாள். பேச்சு சற்று ஓயும் போதெல்லாம் மேசையின் கால்மாட்டிலிருந்து லிபெராத்தா “அதெல்லாம் கதை, நான்தான்” என்பார். உடனே அடுத்தவர் தொடங்கிவிடுவார்.

“எல்லாரும் அவங்க அவங்க காளை, டிராக்டர்னு சொல்றீங்களே” என்றாள் ரொட்டிக் கடைக்காரரின் மனைவி. “குப்பிய வாசல்ல கொண்டுபோய் வச்சது யாரு? உங்க காளையா? ஒவ்வொரு தடவையும் நாங்கதான் வச்சோம். அதையும் போடுங்க. நல்ல ஒயின்தான் வச்சோம்னு போடுங்க.”

“நல்ல ஒயினா?” என்றார் அகாப்பீத்தோ. “உன் குப்பிய நான் சாலட்ல ஊத்தினேன்.”

தலைவர் பர்தோ மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதவியில் இருப்பவர். நாலு மணிவரை பொறுத்துப் பார்த்தார். பிறகு, ஆய்வாளர் வந்த நாளன்று நான்கு விருந்துகளுக்கும் திட்டம் வகுத்ததற்காக ஒருவர் சாமியைப் பாராட்டவும், தலைவர் கைத்தடியால் மேசையைத் தட்டினார். “சாமி திட்டமா? விருந்துக்கு நடுவுல கல்லுங்கறது முழுக்க என் யோசனை. யாரு வீட்ல எது, எத்தனை மணிக்கு எதுன்னு ராத்திரி உக்காந்து பட்டியல் போட்டது நான். எழுதுங்க.”

“ஜெயில்?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்.

“முப்பத்தேழு பேர எங்கப்பா வைப்பாங்க?” என்றார் சாமி. “அப்படியே வச்சாலும் அவங்கதான் சோறு போடணும். நிக்காந்த்ரோவப் பாத்ததும் விட்டுருவாங்க.”

நான் எல்லாவற்றையும் காலவரிசைப்படி திருப்பி எழுதினேன். பத்தொன்பது நகர்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கல்லை இழுத்த விலங்கு அல்லது இயந்திரம், செய்தவர் பெயர், இறந்திருந்தால் அவருக்காகக் கையெழுத்திடும் வாரிசு. ஏழாவது என்னுடையது. கடைசிப் பத்தியை இப்படி முடித்தேன்: “ஆகவே எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு கல். நான்கு சாலைகளும் நகரமும் எங்களுக்குத் தெரிந்தவரை இல்லை. முதன்முதலில் அது எங்கே நின்றது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. தற்போது அது லிபெராத்தாவின் கொட்டகைக்கு முன்னால் நிற்கிறது. அவர் மட்டும் அதை ஒருமுறையும் நகர்த்தியதில்லை.”

உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்துக்கு லிபெராத்தா எதிர்ப்புச் சொல்வாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் மேலங்கியின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். நிக்காந்த்ரோ பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். “பன்னெண்டாவதுல ‘மேட்டில்’னு போட்டிருக்கீங்களா?”

“போடல கும்பாதிரி.”

“போடுங்க. ‘செங்குத்தான’ன்னும் போடுங்க.”

கையால் எழுதிச் சேர்த்தேன். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. தலைவர் மெழுகை உருக்கினார், உறையின் மடிப்பில் மூன்று சொட்டு விட்டு மன்றத்தின் முத்திரையை அழுத்தினார். அவசரத்தில் முத்திரை சற்றுக் கோணலாக விழுந்தது. வெளியே தபால் வண்டியின் ஒலிப்பான் கேட்டது.

ஓட்டுநர் ரொக்கோ உறையைக் கையில் வாங்கி முகவரியைப் படித்தான். அறை முழுக்க நின்ற கூட்டத்தைப் பார்த்தான். ஒரு நிமிடத்துக்குள் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“எங்கப்பா பேரு இருக்கா?” என்றான்.

“பதினொண்ணாவது” என்றேன். “ஐம்பத்தொம்பது, கழுதை.”

“கழுதை படுத்துக்கிச்சே, அது?”

“இருக்கு.”

ரொக்கோ பதிவுத் தபால் சீட்டை எழுதி, கிழித்து, என்னிடம் நீட்டினான். லிபெராத்தா கை நீட்டி அதை வாங்கி, நான்காக மடித்து, மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டார். ரொக்கோ உறையைப் பைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினான். வண்டி தொட்டியைச் சுற்றித் திரும்பித் தலைநகரச் சாலையில் இறங்கியது.